புளிக்குழம்பும் அலுமினியப் படகும்

போன மாசம் நாகப்பட்டினத்துல இருந்து சித்தப்பா போன் பண்ணார். கரைக்கு வரும்போது அவரோட ஃபைபர் போட் தூண்டில் வளைவுக் கல்லுல மோதி, அடிப்பக்கம் பிளந்துடுச்சு. ஒட்டுப் போட்டு, காயவெச்சு, திரும்ப இறக்கப் பத்து நாள் ஆகும்னு சொன்னாங்களாம். பத்து நாளும் தொழில் கிடையாது. "ஏன்டா, அலுமினியத்துல போட் கட்டுறாங்களாமே, அது நிக்குமா?" ன்னு கேட்டார். தேடிப் பார்த்து அவருக்குச் சொன்னதுதான் இந்த எபிசோட்.

எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது ஆத்தாவோட சமையல்கட்டு. அலுமினியச் சட்டியில புளிக்குழம்பை வைக்கவே விடமாட்டாங்க. புளிக்கே தாங்காதது கடலுக்குத் தாங்குமா? தாங்குகிறது. காற்றுப் பட்டதுமே அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு படலம் உருவாகிவிடும். கீறினாலும் உடனே திரும்ப மூடிக்கொள்ளும். புளியின் அமிலம் அந்தப் படலத்தைக் கரைக்கும். கடல்நீர் அமிலம் இல்லை, லேசான காரத்தன்மை கொண்டது. அதோடு, படகுக்குப் போடுவது சட்டி அலுமினியம் கிடையாது. 5083 என்ற கலவையில் 4 சதவீதத்துக்கு மேல் மெக்னீசியம் இருக்கும். பிரான்ஸ், நெதர்லாந்து பக்கம் பல பாய்மரப் படகுகள் நீர்மட்டத்துக்கு மேலே பெயின்ட்டே இல்லாம, சாம்பல் நிறத்துலயே உலகம் சுத்துது.

எடைதான் பெரிய லாபம். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.8 கிராம், அலுமினியம் 2.7 கிராம். எளிதில் வளையும் என்பதால் தட்டைக் கொஞ்சம் தடிமனாகப் போடணும், அப்பவும் எஃகு உடலில் ஏறக்குறைய பாதி எடைதான் வரும். எடை குறைஞ்சா டீசலும் குறையும்.

சித்தப்பா காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டது அடுத்த விஷயத்தை. கல்லுல இடிச்சா ஃபைபர் விரிசல் விடும், அலுமினியம் பெரும்பாலும் ஒடுங்கிட்டு நிக்கும். பனிக்கடலுக்குப் போறவங்க அதனாலதான் இதை விரும்புறாங்க. அயர்லாந்தில் கட்டிய 'நார்த்அபவுட்' என்ற அலுமினியப் படகு 2001இல் கனடாவுக்கு மேலே இருக்கும் வடமேற்குக் கடல்வழியை, பனிக்கட்டிகளுக்கு நடுவே கடந்தது.

இங்கே நிறுத்தியிருந்தா அவர் மறுநாளே கடன் வாங்கியிருப்பார். அதனால 'டிஃபெண்டர்' கதையையும் சொன்னேன். 1895இல் அமெரிக்காஸ் கோப்பைக்காக ஹெரஷாஃப் கட்டிய பந்தயப் படகு அது. எடை குறைய, நீர்மட்டத்துக்கு மேலே அலுமினியம், கீழே வெண்கலம், உள்ளே எஃகுச் சட்டம். கோப்பையை ஜெயிச்சது. ஆனால் உப்புத் தண்ணிக்குள்ள ரெண்டு வேற உலோகம் ஒட்டி இருந்தால் அது ஒரு பேட்டரி. அந்த பேட்டரியில் கரைவது அலுமினியம்தான். 1901இல் அதை உடைத்தே போட்டார்கள்.

இன்னைக்கும் விதி அதேதான். செம்பு கலந்த அடிப்பெயின்ட் அடிக்கக்கூடாது. வெண்கல ப்ரொபெல்லரை உடலோடு நேரடியாகத் தொட விடக்கூடாது. பேட்டரி வயரிங் கசியக்கூடாது. நமக்குப் பதிலா கரையட்டும்னு துத்தநாகக் கட்டியை அடியில மாட்டி, அது தேயத் தேய மாத்தணும். உள்ளே ஒரு பித்தளை ஸ்க்ரூ விழுந்து, ஈரத்துல கிடந்தாப் போதும், அந்த இடத்துல குழி விழ ஆரம்பிச்சுடும். ("நம்ம போட்ல என்னென்ன கிடக்குதுன்னு எனக்கே தெரியாதேடா" ன்னார்.)

எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடிச்சது வேற. பழைய ஃபைபர் படகை யாரும் வாங்கமாட்டாங்க, கரையிலேயே கிடக்கும். அலுமினியத்துக்கு எடைக்கு எடை காசு. தாதுவிலிருந்து புதுசா எடுக்க ஆகும் மின்சாரத்தில் சுமார் 5 சதவீதம் போதும், பழசை உருக்கிவிடலாம்.

எல்லாம் கேட்டுட்டு அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "உடைஞ்சா நம்ம ஊர்ல யாரு ஒட்டுவா?" ஃபைபருக்கு ரெசினும் மேட்டும் இருந்தா, தெருவுல நாலு பேர் ஒட்டிடுவாங்க. அலுமினிய வெல்டிங்குக்கு ஆர்கான் வாயு வேணும், கடற்காற்று அந்த வாயுவையே அடிச்சுட்டுப் போயிடும், அதனால ஷெட் வேணும். சூடு பட்ட இடத்துல தட்டோட பலமும் குறையும். பழகின கை இல்லாம ஆகாது. அவர் கேட்டது சரிதான், என்கிட்ட பதில் இல்லை.

ஃபைபரையே ஒட்டி இறக்கிட்டார். ஆனா நேத்து ராத்திரி பத்து மணிக்கு மறுபடி போன். "அந்தத் தட்டு, நம்ம போட்டுக்கு எத்தனை மில்லி வேணும்டா?"