அறிக்கையும் மக்கள் மொழியும்

மலைநாட்டு மக்கள் விஞ்ஞானிகளின் சொல்லை ஐயுறுவது ஏன்? அறியாமையே காரணம் என்பர் சிலர். அது பொருந்துமா என்பதைக் கேரளத்தின் இரு மாவட்டங்களைக் கொண்டு ஆராய்வோம்.

பாலக்காட்டின் சைலன்ட் வாலியில் குந்திப்புழைக்கு அணை கட்டத் திட்டமிட்டபோது, கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் அதன் சாதக பாதகங்களை மலையாளத்தில் எழுதிப் பல ஊர்களில் விளக்கிற்று. வாதம் மக்கள் மொழியில் நடந்தது. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. மறு ஆண்டு அக்காடு தேசியப் பூங்காவாயிற்று.

இடுக்கியில் நிகழ்ந்ததோ வேறு. மாதவ் காட்கில் தலைமையிலான நிபுணர் குழு மேற்குத் தொடர்ச்சி மலை பற்றி 2011இல் ஆங்கிலத்தில் அறிக்கை அளித்தது. கிராம சபைகளின் கருத்தறிய வேண்டுமெனக் குழுவே கூறியிருந்தது. ஆயினும் 2012 வரை அறிக்கை வெளிவரவில்லை. அவ்விடைவெளியில் வதந்தி புகுந்தது. 2013இல் கஸ்தூரிரங்கன் குழுவின் அறிக்கையும் வந்தபின் கடையடைப்பும் கிளர்ச்சியும் மூண்டன. பட்டாவுக்குக் காத்திருந்த குடியானவர் நிலம் பறிபோகுமென அஞ்சியதை நாம் எள்ளுதல் தகாது.

2020 ஆகஸ்டில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மாண்டனர். அறிக்கையை ஏற்றிருந்தால் அது நேர்ந்திராது எனக் கூற நாம் துணியோம். ஆனால், மழையும் மண்ணும் பற்றி ஆய்வாளர் அறிந்தது லயங்களில் உறங்குவோருக்கும் தெரிந்திருத்தல் வேண்டும்.

மொழிபெயர்ப்பு, முடிவெடுத்த பின் செய்யும் எழுத்தர் வேலையன்று. அறிக்கை வெளியாகும் நாளிலேயே அதன் மலையாள, தமிழ் வடிவங்களும் ஊராட்சி அலுவலகத்தில் கிடைக்கட்டும். படித்து, வினவி, மறுத்துரைக்க மக்களுக்கு அவகாசமும் இருக்கட்டும்.