ரிங்குவின் இடது கை



பிள்ளைகள் மாங்காய் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பையன் கல்லை எடுப்பான். குறி பார்ப்பான். கையைப் பின்னால் கொண்டுபோய், முழங்கையை மடக்கி, விசுக்கென்று எறிவான். காய் விழும். தோட்டக்காரர் வந்தால் ஓடுவான்.

இப்படி எறிவதே ஒரு தொழில் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் அது தொழில்தான். அங்கே பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் உண்டு. நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அவர்களுக்குப் பேஸ்பால் அப்படி. அதில் பந்து எறிபவரைப் பிட்சர் என்பார்கள். நம் நாட்டிலிருந்து அந்தத் தொழிலுக்குப் போன ஓர் இளைஞரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

அவர் பெயர் ரிங்கு சிங். கிரிக்கெட்டில் ரிங்கு சிங் என்று ஒருவர் இருக்கிறார். அவர் வேறு, இவர் வேறு.

இவர் 1988ல் பிறந்தார். உத்தரப்பிரதேசத்தில் பதோகி மாவட்டம். கம்பளம் நெய்வதற்குப் பெயர் பெற்ற பகுதி அது. அப்பா லாரி ஓட்டுநர். வீட்டில் ஒன்பது பிள்ளைகள். இருந்ததோ ஒரே அறை. ரிங்குவுக்கு ஈட்டி எறிவதில் ஆர்வம். லக்னோவில் உள்ள விளையாட்டுக் கல்லூரியில் சேர்ந்து பயிற்சி பெற்றார். பதக்கமும் வாங்கினார்.

2008ல் ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் இந்தியாவில் ஒரு போட்டி நடத்தினார். விளையாட்டு வீரர்களுக்கு ஒப்பந்தம் பேசித் தரும் தரகர் அவர். பேஸ்பால் பந்தை வேகமாகவும் குறி தவறாமலும் யார் எறிகிறார்கள் என்று பார்ப்பதுதான் போட்டி. ‘பத்து லட்சம் டாலர் கை’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஊர் ஊராகப் போனார்கள். 37,000க்கும் மேற்பட்டோர் வந்து எறிந்து பார்த்தார்கள். கிரிக்கெட் நாடாயிற்றே, நல்ல பந்துவீச்சாளர் கிடைப்பார் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தவர்கள் ஈட்டி எறிபவர்கள். ஒருவர் ரிங்கு. இன்னொருவர் வாரணாசிப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த தினேஷ் பட்டேல்.

இதற்குக் காரணம் உண்டு. கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி எறிந்தால் தவறு. நடுவர் ஒப்ப மாட்டார். ஈட்டிக்கு முழங்கை மடங்கித்தான் விரிய வேண்டும். பேஸ்பாலுக்கும் அப்படியே. ஆண்கள் எறியும் ஈட்டி 800 கிராம். பேஸ்பால் பந்து 150 கிராம்கூட இல்லை. ஈட்டிக்குப் பழகிய தோளுக்கு அந்தப் பந்து ஒரு பொருட்டா?

ரிங்கு இடது கைக்காரர். அவர் எறிந்த பந்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். பரிசு ஒரு லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 40 லட்சம் ரூபாய். லாரி ஓட்டுநர் வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய பணம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறகு இருவரும் அமெரிக்கா போனார்கள். அதுவரை அவர்கள் பேஸ்பால் ஆட்டம் ஆடியதே இல்லை. ஆங்கிலமும் தெரியாது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் டாம் ஹவுஸ் என்பவர் பயிற்சி கொடுத்தார். அவரும் முன்னாள் பிட்சர். இருபதை ஒட்டிய வயதில் இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கினார்கள். தோல் உறையைக் கையில் மாட்டுவது எப்படி? சக ஆட்டக்காரர் வீசும் பந்தைப் பிடிப்பது எப்படி? ஆட்டத்தின் விதி என்ன? எல்லாமே புதிது. அமெரிக்கப் பிள்ளைகள் இதை ஐந்து வயதில் அப்பாவோடு வாசலில் ஆடிக் கற்றுக்கொள்வார்கள்.

பிட்சரின் வேலையைக் கொஞ்சம் பாருங்கள். அவர் 10 அங்குல உயரமுள்ள சிறு மண்மேட்டில் நிற்பார். எதிரே 60 அடி 6 அங்குலத் தூரத்தில் ஒரு வெள்ளைப் பலகை தரையில் பதிந்திருக்கும். அகலம் 17 அங்குலம். அதன் பக்கத்தில் மட்டைக்காரர் நிற்பார். பந்து தரையில் படக் கூடாது. பலகைக்கு நேர் மேலே, மட்டைக்காரரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடையில் போக வேண்டும். அப்படிப் போய், அவர் அடிக்காமல் விட்டாலும் வீசித் தவறவிட்டாலும் ஒரு ‘ஸ்டிரைக்’. மூன்று ஸ்டிரைக் ஆனால் அவர் அவுட். நான்கு பந்து குறி தவறினால் மட்டைக்காரர் சும்மா நடந்து முதல் இடத்துக்குப் போய்விடலாம். வேகமான பந்து அந்தத் தூரத்தைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. வேகம் மட்டும் போதாது. ஈட்டியை எங்கோ தூரத்தில் குத்தினால் போதும். பந்தை ஒரு தட்டு அளவு இடத்தில் போட வேண்டும். அதையே ஓர் ஆட்டத்தில் பலமுறை செய்ய வேண்டும்.

2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற குழு இருவரையும் எடுத்துக்கொண்டது. பைரேட்ஸ் என்றால் கடற்கொள்ளைக்காரர்கள். பெயர்தான் அப்படி, குழு நல்ல குழு! அமெரிக்காவின் பெரிய விளையாட்டுக் குழு ஒன்றோடு ஒப்பந்தம் செய்த முதல் இந்தியர்கள் இவர்கள். 2014ல் டிஸ்னி நிறுவனம் இதைப் படமாக எடுத்தது. நம் ஏ.ஆர். ரகுமான் இசை அமைத்தார். படம் ஒப்பந்தத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் வேலை அங்கேதான் தொடங்கியது.

பெரிய குழுக்கள் மொத்தம் 30. ஒவ்வொன்றுக்கும் கீழே பல சின்னக் குழுக்கள். புதியவர் படி, அதற்கு மேல் ஏ, இரட்டை ஏ, மூன்று ஏ என்று ஏணிப்படி போல ஏற வேண்டும். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் உச்சிக்குப் போவதில்லை. 2009ல் உச்சியில் இருந்தவருக்குக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 4 லட்சம் டாலர். கீழ்ப்படியில் இருந்தவருக்கு வாரத்துக்கு 300 டாலரை ஒட்டித்தான். அதுவும் ஆட்டம் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். மற்ற மாதங்களில் பலர் கடையிலும் கிடங்கிலும் வேலை செய்து பிழைத்தார்கள். பிறகு 2022ல் இந்தக் கீழ்ப்படி ஆட்டக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023ல் முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏ படியில் ஆண்டுக்கு 11,000 டாலராக இருந்த சம்பளம் 26,000 டாலரைத் தாண்டியது. ரிங்குவின் காலத்தில் இதெல்லாம் இல்லை.

2009ல் புளோரிடா மாநிலத்தில் புதியவர் படியில் இருவரும் ஆடத் தொடங்கினார்கள். ஜூலை மாதத்தில் ஓர் ஆட்டத்தின் வெற்றி ரிங்குவின் பெயரில் எழுதப்பட்டது. அங்கே தொழில்முறை ஆட்டத்தில் ஓர் இந்தியருக்கு அதுவே முதல் வெற்றி. தினேஷை 2010 கடைசியில் குழு விடுவித்துவிட்டது. அவர் ஊர் திரும்பினார். இருவராக வந்த இடத்தில் ரிங்கு தனியானார்.

அவர் விடவில்லை. ஏ படிக்கு ஏறினார். எல்லாப் பருவங்களையும் சேர்த்து 80க்கு மேற்பட்ட ஆட்டங்களில் பந்து எறிந்தார். ஒரு முழு ஆட்டத்தின் அளவுக்குக் கணக்கிட்டால், அவர் விட்டுக்கொடுத்தது சராசரியாக மூன்று ஓட்டங்களுக்கும் சற்றுக் குறைவு. இது நல்ல கணக்கு. எங்கோ பிறந்து, இருபது வயதில் ஆட்டத்தைக் கற்றவருக்கு மிக நல்ல கணக்கு.

பிறகு முழங்கை போனது.

முழங்கையின் உட்பக்கத்தில் எலும்போடு எலும்பைக் கட்டி வைத்திருக்கும் ஒரு நார் உண்டு. பிட்சர் ஒவ்வொரு முறை எறியும்போதும் அந்த நார் இழுபடும். கிணற்றுக் கயிறு தேய்வது போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து ஒரு நாள் கிழியும். முன்பெல்லாம் நார் கிழிந்தால் தொழில் போச்சு. 1974ல் டாம்மி ஜான் என்ற பிட்சருக்கு ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் ஒரு புது அறுவை செய்தார். மற்றக் கையிலிருந்து ஒரு நாரை எடுத்து, முழங்கை எலும்பில் துளை போட்டு, அதில் கோத்துக் கட்டினார். டாம்மி ஜான் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். இன்றும் அந்த அறுவைக்கு அவர் பெயர்தான். ஆறுவதற்கு ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும்.

அதே அறுவை ரிங்குவுக்கும் நடந்தது. 2013 பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. பிறகும் காயம் அவரை விடவில்லை. தினமும் கையை நீட்டி மடக்கி, மெல்ல எறிந்து, வலித்தால் நிறுத்தி, மறுபடி தொடங்கினார். அப்படியே ஆண்டுகள் போயின. ஏ படிக்கு மேலே இருந்த படிகளை அவர் பார்க்கவே இல்லை.

2018ல் அவர் பந்தைக் கீழே வைத்தார். அப்போது வயது 29. டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற அமெரிக்க மல்யுத்தக் காட்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வீர் மகான் என்று பெயர் வைத்தார்கள். மறுபடியும் தெரியாத தொழில், மறுபடியும் முதல் படி.