நிழலுக்குக் கணக்குப் போட்டவர்கள்



1980ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் தேதி. அன்று சனிக்கிழமை. பிற்பகல் நேரம். கர்நாடகக் கடற்கரையில் தொடங்கி ஒடிசா வரைக்கும் பட்டப்பகலில் இருள் வந்தது. முழுச் சூரிய கிரகணம். மற்ற மாநிலங்களில் சூரியன் பாதியும் முக்காலும் மறைந்தது.

அன்றைக்குத் தெருவில் ஆள் இல்லை. கல்கத்தா போன்ற பெரிய நகரத்தில்கூடக் கடைகளை மூடிவிட்டார்கள். கதவைச் சாத்தினார்கள். ஜன்னலைச் சாத்தினார்கள். கர்ப்பிணிப் பெண்கள் இருட்டு அறையில் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாடு இல்லை. பல வீடுகளில் தண்ணீரும் இல்லை. அருவாமனையைத் தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்று பயம்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். கிரகணம் இத்தனை மணிக்குப் பிடிக்கும், இத்தனை மணிக்கு விடும் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். பஞ்சாங்கத்தில் போட்டிருந்தது. ரேடியோவில் சொன்னார்கள். பாம்பு வந்து விழுங்குகிறது என்றால், அந்தப் பாம்பு நிமிடக் கணக்குப் பார்த்தா வரும்? இந்த நேரத்தை முதலில் கணக்குப் போட்டவர்கள் யார்? அவர்களுடைய கதைதான் இன்றைய பேச்சு.

இந்தக் கதை இராக் நாட்டில் தொடங்குகிறது. அங்கே பழங்காலத்தில் பாபிலோன் என்று ஒரு நகரம் இருந்தது. ஏறத்தாழ 2,700 ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊர்க்காரர்கள் கிரகணங்களை எழுதி வைத்தார்கள். காகிதம் கிடையாது. ஈரக் களிமண்ணைப் பலகைபோலத் தட்டி, அதில் குச்சியால் அழுத்தி எழுதினார்கள். காய்ந்ததும் கல்போல ஆகிவிடும். இன்றைக்கும் அவை இருக்கின்றன.

அப்பா எழுதினார். மகன் எழுதினான். பேரன் எழுதினான். பல தலைமுறை எழுதிய பிறகு ஒரு விஷயம் புலப்பட்டது. ஒரு கிரகணம் வந்தால், 18 ஆண்டும் 11 நாளும் கழித்து அதே மாதிரி இன்னொன்று வருகிறது. ஒரு மனிதர் வாழ்நாளில் இப்படி மூன்று நான்கு சுற்றுதான் பார்க்க முடியும். அதுவும் எல்லாம் அவர் ஊரில் தெரியாது. எழுத்து இல்லாமல் இந்தக் கணக்கு பிடிபட்டிருக்காது. ஆனால், எப்போது வரும் என்று தெரிந்த அவர்களும் அதைக் கெட்ட சகுனமாகத்தான் நினைத்தார்கள். ஏன் வருகிறது என்ற கேள்விக்கு விடை வேறு.

அந்த விடையை நம் நாட்டில் தெளிவாகச் சொன்னவர் ஆரியபட்டர். பிறந்தது 476ஆம் ஆண்டு. பாட்னா நகரத்தின் பழைய பெயர் குசுமபுரம் என்பார்கள். அங்கே இருந்து, 23 வயதில், 499ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். அதன் பெயர் ஆரியபடீயம். சந்திரனுக்குச் சொந்த வெளிச்சம் இல்லை, சூரிய வெளிச்சம் பட்டுத்தான் அது மின்னுகிறது என்றார். பூமியின் நிழல் சந்திரன்மேல் விழுந்தால் சந்திர கிரகணம். சந்திரன் சூரியனை மறைத்தால் சூரிய கிரகணம். இதுதான் அவர் சொன்னது. பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்றும் சொன்னார். படகில் போகிறவருக்குக் கரையில் உள்ள மரம் பின்னால் ஓடுவதுபோலத் தெரியும் அல்லவா? நட்சத்திரங்கள் ஓடுவதுபோலத் தெரிவதும் அப்படித்தான் என்று விளக்கினார்.

இதை உங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ராத்திரி நேரத்தில் ஒரு சிம்னி விளக்கை ஏற்றி, தலை உயரத்தில் வையுங்கள். அதுதான் சூரியன். உங்கள் தலைதான் பூமி. கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது சந்திரன். கையை நீட்டிப் பழத்தைப் பிடித்தபடியே மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுங்கள்.

விளக்கைப் பார்த்து நிற்கும்போது பழத்தின் இருட்டுப் பக்கம் உங்களைப் பார்க்கும். அது அமாவாசை. விளக்குக்கு முதுகு காட்டி நின்று, பழத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தால் முழுதும் வெளிச்சமாக இருக்கும். அது பௌர்ணமி. இப்போது கையைத் தாழ்த்துங்கள். உங்கள் தலையின் நிழல் பழத்தின்மேல் விழும். அதுதான் சந்திர கிரகணம். மறுபடி விளக்கின் பக்கம் திரும்பி, பழத்தைக் கண்ணுக்கும் விளக்குக்கும் நடுவில் நேராகப் பிடியுங்கள். விளக்கு மறைந்துவிடும். அது சூரிய கிரகணம்.

இவ்வளவு சின்னச் சந்திரன் அவ்வளவு பெரிய சூரியனை எப்படி மறைக்கும்? கட்டைவிரலைக் கண்ணுக்கு அருகில் வைத்தால் தெருக்கோடியில் உள்ள வேப்பமரமே மறைந்துவிடுகிறதே, அதுபோலத்தான். சூரியனின் குறுக்களவு சந்திரனைப்போல 400 மடங்கு. தூரமும் ஏறக்குறைய 400 மடங்கு. அதனால் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிகின்றன. இது ஓர் அதிசயப் பொருத்தம்தான்.

சரி, அப்படியென்றால் மாதாமாதம் கிரகணம் வரவேண்டுமே? பழத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் பிடித்தீர்கள் அல்லவா, அதில்தான் விடை இருக்கிறது. சந்திரன் போகும் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலும் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ போய்விடுகிறது. சூரியனின் பாதையும் சந்திரனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. அந்த இடத்துக்குப் பக்கத்தில் அமாவாசையோ பௌர்ணமியோ நேர்ந்தால்தான் கிரகணம். கணக்குப் போட்டவர்கள் அந்த இரண்டு இடங்களுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். என்ன பெயர் தெரியுமா? ராகு, கேது! கதையில் பாம்பு, கணக்கில் வெறும் புள்ளி.

ஆரியபட்டர் சொன்னதை எல்லோரும் ஏற்கவில்லை. அவருக்குப் பின் வந்த பிரம்மகுப்தர் பெரிய கணித மேதை. கிரகணத்தை நிழலை வைத்துத்தான் அவரும் கணக்கிட்டார். ஆனாலும், ராகு இல்லை என்று சொல்லக்கூடாது என்று ஆரியபட்டரைக் கண்டித்தார். ஊரையும் சாஸ்திரத்தையும் பகைத்துக்கொள்ள மனம் வரவில்லைபோலும்.

கேரளத்தில் பாரதப்புழை ஆற்றங்கரையில் பரமேசுவரர் என்று ஒருவர் இருந்தார். 600 ஆண்டுகளுக்கு முந்தைய ஆள். பழைய நூல்களின்படி கணக்குப் போட்டுப் பார்த்தார். வானத்தில் நடப்பது கொஞ்சம் தள்ளி நடந்தது. நூல் பெரிதா, வானம் பெரிதா? வானம்தான் என்று முடிவு செய்தார். 50 ஆண்டுகளுக்கும் மேலாகக் கிரகணங்களைப் பார்த்தார், எழுதினார். பிறகு 1431ஆம் ஆண்டில் திருத்திய கணக்கை வெளியிட்டார். அதற்கு திருக்கணிதம் என்று பெயர். இங்கே ‘திரு’ என்றால் மரியாதைச் சொல் என்று நினைத்துவிட வேண்டாம். ‘திருக்’ என்றால் பார்வை. கண்ணால் பார்த்துச் சரிசெய்த கணக்கு என்று பொருள். இன்றைக்கும் கடையில் வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று இரண்டு தொங்குகின்றன. நல்ல நாள் எது என்பதில் இரண்டும் சண்டை போடுவதற்குக் காரணம் இதுதான்.

வாக்கியம் என்பது என்ன? ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. சந்திரன் நாளுக்கு நாள் எங்கே இருக்கும் என்பதை 248 சிறு வாக்கியங்களாக்கி மனப்பாடம் செய்துவிடுவார்கள். வாக்கியத்தைச் சொன்னால் எண் வந்துவிடும்.

இதில் கெட்டிக்காரர் ஒருவரை 1825ஆம் ஆண்டில் வாரன் என்ற வெள்ளைக்காரர் புதுச்சேரியில் சந்தித்தார். அந்தத் தமிழர் பஞ்சாங்கம் கணிப்பவர். வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணித்துச் சொல்லுங்கள் என்று வாரன் கேட்டார். அவர் எதையும் எழுதவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். வாய் வாக்கியத்தை முணுமுணுத்தது. கை சோழியை நகர்த்தியது. விடை வந்தது. கிரகணம் தொடங்கும் நேரம் 4 நிமிட அளவுக்குத்தான் வித்தியாசம்! என்ன ஒரு ஞாபகசக்தி! ஆனால் முடியும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் பிசகிவிட்டது. கணக்குக்குப் பின்னால் உள்ள காரணம் அந்த மனிதருக்குத் தெரியவில்லை என்று வாரன் தம் நூலில் எழுதியிருக்கிறார். காரணம் தெரியாவிட்டால் எங்கே பிசகியது என்று எப்படித் தேடுவது? பரமேசுவரர் செய்ததை அவரால் செய்ய முடியவில்லை. அறிவுக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்குக் கொடுக்கப்பட்டது வாக்கியம் மட்டும்தான்.

அந்த முறையை மட்டமாகவும் நினைக்கக்கூடாது. அதற்கு 60 ஆண்டுகளுக்கு முன்னால், 1765ஆம் ஆண்டில் வந்த சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று தமிழர் கணக்கிட்டதில் 41 வினாடிதான் பிசகு. ஐரோப்பிய அட்டவணையில் 68 வினாடி பிசகு. இதைச் சொன்னவர் லெ ஜாந்தீல் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் கதை பரிதாபம். சூரியனைச் சுக்கிரன் கடப்பதைப் பார்க்க 1760இல் கப்பல் ஏறினார். முதல் தடவை நடுக்கடலில் மாட்டிக்கொண்டார். எட்டு ஆண்டு காத்திருந்து, 1769இல் புதுச்சேரியில் பார்க்க நின்றார். அந்த நேரம் பார்த்து மேகம் மூடிக்கொண்டது. 1771இல் ஊர் திரும்பினால், செத்துவிட்டார் என்று சொத்தைப் பங்கு போட உறவினர் தயாராக இருந்தார்கள்!

இதற்குள் ஐரோப்பாவில் தொலைநோக்கி வந்துவிட்டது. 1609இல் கலிலியோ அதை வானத்தின் பக்கம் திருப்பினார். சந்திரனில் மலையும் பள்ளமும் தெரிந்தன. சென்னையில் 1792இல் ஒரு வானிலையம் கட்டினார்கள். அங்கே வேலை பார்த்த ரகுநாதாச்சாரி என்ற தமிழர், ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தை 1867இல் கண்டுபிடித்தார். 1874இல் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது, பொதுமக்களுக்குப் புரியும்படி அது பற்றிச் சிறு நூல் எழுதினார். ஆங்கிலத்தோடு நில்லாமல் உருது, கன்னடம் முதலிய இந்திய மொழிகளிலும் அதைக் கொண்டுவந்தார்.

1868 ஆகஸ்டு 18இல் ஆந்திராவில் உள்ள குண்டூருக்கு ஜான்சென் என்ற பிரெஞ்சு அறிஞர் வந்தார். முழுச் சூரிய கிரகணம். வானவில்போல ஒளியைப் பிரித்துக் காட்டும் கருவி அவரிடம் இருந்தது. அந்தக் கிரகணத்தை ஒட்டி நடந்த ஆராய்ச்சியில் சூரிய ஒளியில் ஒரு புது மஞ்சள் கோடு தெரிந்தது. பூமியில் அதுவரை யாரும் அறியாத வாயு அது. ஹீலியம் என்று பெயர். பலூனில் அடைக்கிறார்களே, அதுதான். முதலில் சூரியனில் தெரிந்து, 27 ஆண்டு கழித்து, 1895இல்தான் பூமியில் அகப்பட்டது.

கிரகண நேரத்தில் சூரியனிலிருந்து புதிதாக எந்த விஷமும் வருவதில்லை. வயிற்றுப் பிள்ளைக்கு அதனால் கெடுதல் இல்லை. தாய் பட்டினி கிடப்பதுதான் கெடுதல். சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் தாராளமாகப் பார்க்கலாம். சூரியனை மட்டும் என்றைக்குமே வெறும் கண்ணால் பார்க்கக்கூடாது. புகை பிடித்த கண்ணாடி, எக்ஸ்ரே படம் எதுவும் வேண்டாம். பார்வை போய்விடும். அதற்கென்றே செய்த கண்ணாடி உண்டு. அது கிடைக்காவிட்டால் ஒரு சல்லடையை வெயிலில் பிடித்துத் தரையைப் பாருங்கள். ஒவ்வோர் ஓட்டைக்கும் ஒரு குட்டிப் பிறைச் சூரியன் விழும்.

1995 அக்டோபர் 24இல், தீபாவளியை ஒட்டி, மறுபடி முழுக் கிரகணம் வந்தது. இம்முறை ராஜஸ்தானிலும் உத்தரப்பிரதேசத்திலும் வங்காளத்திலும் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்து நின்றார்கள். 2019 டிசம்பர் 26இல் கோவை, திண்டுக்கல், திருச்சிப் பக்கம் சூரியன் வளையல்போலத் தெரிந்தது. பள்ளிப் பிள்ளைகள் மைதானத்தில் நின்று பார்த்தார்கள்.

இப்போது கிரகணத்துக்குக் காத்திருக்க வேண்டியதுகூட இல்லை. 2023 செப்டம்பர் 2இல் இந்தியா ஆதித்யா எல்-1 என்ற விண்கலத்தை அனுப்பியது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் அது இருக்கிறது. அதில் உள்ள ஒரு கருவி, சூரியனின் நடுவட்டத்தை ஒரு தகட்டால் மறைத்துவிட்டு, சுற்றி உள்ள ஒளியைப் படம் பிடிக்கிறது. மனிதன் செய்த கிரகணம்!

அடுத்த வளையக் கிரகணம் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் 2031 மே 21ஆம் தேதி தெரியும். கேரளத்திலும் தெரியும். தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சல்லடையை மறக்காமல் எடுத்து வாருங்கள்.