வெற்றேடும் நம் எழுத்தும்
(சங்கத்தின் வாலிபர் வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)



கணினி வகுப்பின் முதற்பாடமாக நோட்பேட்டைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவித்தபோது, பின்வரிசையில் இருந்த வாலிபர் சிலர் சிரித்தனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 1985 ஆம் ஆண்டு வெளிவந்த முதல் விண்டோஸ் தொட்டு இன்றுவரை இருந்துவரும் இச்சிறு கருவியில், நெடுங்காலமாக ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்கவும் வழியில்லாதிருந்தது. அண்மைப் பதிப்புகளில் சில அலங்காரங்களைச் சேர்த்திருக்கிறார்கள். அவற்றை நாம் இன்று தொடப்போவதில்லை. வெள்ளைத் தாள், அதன்மேல் எழுத்து. நமக்கு வேண்டியது இவ்வளவே.

இத்தனை எளிய கருவியிடம் நாம் பட்ட பாடொன்று உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், உக்குவளை, இரத்தோட்டைப் பகுதித் தோட்டங்களுக்குச் சென்று, லயங்களில் வாழும் முதியோரின் விபரங்களைத் திரட்ட முனைந்தோம். பெயர், வயது, தகப்பனார் பெயர், முன்னோர் இந்தியாவில் எந்த ஊரார் என்பது, இந்நான்கும் ஒருவருக்கு ஒரு வரியாக. மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை வழியே காடு கடந்து மாத்தளைக்குக் கால்நடையாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். பல வீடுகளில் அந்த இந்திய ஊரின் பெயர் ஒரேயொரு பாட்டியின் வாயில் மாத்திரமே மிஞ்சியிருந்தது. அவர்கள் சொல்லச் சொல்ல மடிக்கணினியில் நேரே தட்டினோம். காகிதத்தில் எழுதவில்லை, அது பழங்காலத்து வேலை என்று எண்ணிக்கொண்டோம்.

43 பேரின் விபரங்களைத் தட்டி முடித்துச் சேமிக்கும்போது, சிறு பெட்டியொன்று ஆங்கிலத்தில் ஏதோ எச்சரித்தது. அதை வாசிக்கப் பொறுமையில்லை. ‘ஓகே’ என்ற பொத்தானை அழுத்தினோம். திரையில் தமிழ் அப்படியே நின்றது. மகிழ்ச்சியோடு கணினியை மூடினோம். மறுநாள் திறந்தால், வரிகள் எல்லாம் இப்படி இருந்தன:

??????, 78, ?????????, ????????

வயது மாத்திரம் எஞ்சியிருந்தது. பெயரும் ஊரும் போய்விட்டன. அந்த எச்சரிக்கை என்ன சொன்னது என்பதைப் பின்னர்தான் அறிந்தோம்: இக்கோப்பிலுள்ள எழுத்துக்களை இம்முறையில் சேமித்தால் அவை இழந்துபோகும் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. குற்றம் நம்முடையதே.

இஃது ஏன் நேர்ந்தது என்று விளங்கிக்கொண்டால் இன்றைய பாடத்திற் பாதி முடிந்துவிடும். கணினிக்கு எழுத்துத் தெரியாது. எண் மாத்திரமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, அந்த எண்களையே அது சேமிக்கிறது. அன்ஸி என்று நோட்பேட் பெயரிட்டிருக்கும் பழைய முறையில், நமது கணினிகளில் மொத்தம் 256 இடங்களே உண்டு. ஆங்கில எழுத்தும் இலக்கமும் வேறு சில ஐரோப்பிய எழுத்துக்களும் அவற்றை நிரப்பிவிட்டன. தமிழுக்கு அங்கே இடமில்லை. இடமில்லாத எழுத்தைக் கண்டால் அக்கருவி ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு மேலே செல்லும்.

1991 இல் வெளிவந்த யூனிகோட் என்னும் ஏற்பாடு, உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி இடம் வகுத்தது. தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கினார்கள். 247 எழுத்துக்களை 128 இடத்தில் எப்படி அடக்குவது என்று தமிழாசிரியர்கள் கேட்கக்கூடும். அகரமேறியவை தவிர்ந்த உயிர்மெய்களுக்குத் தனி இடம் இல்லை. மெய்யின் உருவுக்கு ஓர் எண், அதனோடு சேரும் கொம்புக்கோ விசிறிக்கோ வேறோர் எண். ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். த 2980, ம 2990, மேல் விசிறி 3007, ழ 2996, புள்ளி 3021. கண்ணுக்கு மூன்றெழுத்து; கணினிக்கு ஐந்து. அழிந்தபோதும் ஐந்து கேள்விக்குறிகளாகத்தான் அழியும். இவ்வெண்களைக் கோப்பில் எழுதிவைக்கும் முறைகளில் இன்று பெருவழக்கானது யூ.டி.எப்-8.

புள்ளிக்கென்று தனியாக ஓர் எண் இருப்பதைக் கவனியுங்கள். பனையோலையில் எழுத்தாணியால் எழுதிய நம் முன்னோர், ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளியிடாமலே எழுதினர். படிப்பவன்தான் இடமறிந்து புள்ளி வைத்துப் படித்தல் வேண்டும்.

ஓலை என்றதும் நம் ஊருக்கு வடக்கே, கூப்பிடு தொலைவில் இருக்கும் அலுவிகாரையை நினையாமல் இருக்க முடியவில்லை. அங்கே ஓலையில் எழுதிக் காட்டுவதைப் பாடசாலைச் சுற்றுலாவில் பார்த்திராத மாத்தளைப் பிள்ளை இராது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டுவந்த திரிபிடகத்தை அங்கேதான் ஏட்டில் எழுதினர் என்பது வரலாறு. பஞ்சமும் போரும் பரவிய காலம்; ஓதும் துறவிகள் மாண்டால் ஓதப்படுவதும் மாளும் என்று அஞ்சினர். 1848 கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அந்த விகாரையின் ஏட்டுச் சுவடிகள் பல அழிந்தன. ஆனால் நூல் அழியவில்லை. பிரதிகள் வேறிடங்களில் இருந்தன. நமது 43 வரிகளுக்கு இரண்டாம் பிரதி இல்லை.

இனி, கையால் செய்யவேண்டியவற்றைப் பார்ப்போம்.

‘சேவ் அஸ்’ என்பதை அழுத்தினால், கோப்பின் பெயர் எழுதும் இடத்துக்குக் கீழே ‘என்கோடிங்’ என்றொரு சிறு கட்டம் உண்டு. அதில் யூ.டி.எப்-8 இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். 2019 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து புதிய கோப்புகளுக்கு இதுவே தானாக அமைந்திருக்கும். ஆனால் பழைய விண்டோஸ் உள்ள கணினிகள் நம்மிடையே இன்னும் உண்டு. அவற்றில் அன்ஸியே முதலில் நிற்கும்.

அடுத்து பாமினி. அச்சகத்தோடு பழகியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பாமினியில் தட்டிய கட்டுரையை நோட்பேட்டில் ஒட்டிப்பாருங்கள். ‘தமிழ்’ இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியும் வரிசையாக நிற்கும். உள்ளே இருப்பது ஆங்கிலம். மேலே தமிழ்ச் சட்டை. சட்டை கழன்றால் ஒன்றும் விளங்காது. தமிழில் ஒரு சொல்லைத் தேடவும் முடியாது. நம் பழைய மலர்களின் கட்டுரைகளிற் பெரும்பாலானவை இப்படித்தான் கிடக்கின்றன. சுரதா யாழ்வாணன் ஆக்கிய ‘பொங்குதமிழ்’ போன்ற மாற்றிகள், அவற்றை யூனிகோட்டுக்குக் கொண்டுவர உதவுகின்றன. பாமினியில் பழகிய விரல்களை மாற்றவேண்டுமே என்று மூத்தோர் கவலைப்பட வேண்டாம். எ-கலப்பை முதலியவற்றில் அதே விசை வரிசையில் யூனிகோட் எழுத்தைத் தட்டலாம்.

தேடுவதற்கு கன்ட்ரோலோடு எப்; தேடியதை நீக்கி வேறொன்றை இடுவதற்கு கன்ட்ரோலோடு எச். இரண்டாவதில் ‘யாவற்றையும் மாற்று’ என்ற பொத்தானிடம் எச்சரிக்கையாய் இருங்கள். முன்னொரு முறை, கோவில் திருவிழா உபயகாரர் பட்டியலில் முத்து என்பவர் தம் பெயரை முத்தையா என்று திருத்தச் சொன்னார். நாம் யாவற்றையும் மாற்றினோம். மாசிமகத் தேர் அறிவித்தல் ‘முத்தையாமாரியம்மன்’ என்று தொடங்கியது! அச்சுக்குப் போகுமுன் பெரியவர் ஒருவர் கண்ணிற் பட்டதால் தப்பினோம். செய்த தவறைப் பின்வாங்க கன்ட்ரோலோடு இசட் உண்டு. 2018 க்கு முந்திய நோட்பேட்டில் ஒரேயோர் அடிதான் பின்னே செல்லலாம். இப்போது பல அடிகள் செல்லலாம்.

கூட்ட அறிக்கை எழுதும் செயலாளர்களுக்கு ஒரு சிறு உபகாரம். எப் 5 விசையைத் தட்டினால் அன்றைய திகதியும் நேரமும் விழும். கோப்பின் முதல் வரியில் புள்ளியொன்று வைத்து, அதையடுத்து எல், ஓ, ஜீ என்ற மூன்று பெரிய ஆங்கில எழுத்துக்களை இட்டுச் சேமித்துவிட்டால், அக்கோப்பைத் திறக்குந்தோறும் கடைசியில் திகதி தானே வந்து உட்காரும். கணக்கப்பிள்ளையின் நாட்குறிப்பைப் போல.

கோப்பு அழிந்த கதையை முடிக்கவேண்டும். கேள்விக்குறிகளை எண்ணிப் பெயர்களைக் கண்டுபிடிக்கலாம் என்று ஓரிரவு முழுவதும் உட்கார்ந்தோம். ராமாயி என்றாலும் ஆறு, முத்து என்றாலும் ஆறு. வயது ஒன்றாக இருக்கும் இருவரைப் பிரித்தறிய வழியில்லை. ஆகவே மீண்டும் லயங்களுக்கே நடந்தோம். இம்முறை பயிற்சிக் கொப்பியிலும் எழுதிக்கொண்டோம். வயதைக் கொண்டு ஒவ்வொருவராகத் தேடி, 40 வரிகளை நிரப்பினோம். முன்பு திண்ணையில் அமர்த்தித் தேநீர் தந்து ஊர்ப்பெயர் சொன்ன சிலர், நாம் திரும்பிச் சென்றபோது இல்லை. அவர்களுள் சிலரின் விபரத்தை மகளோ பேரனோ சொன்னார்கள். மூன்று பேரைப் பற்றிச் சொல்ல எவருமில்லை.

அந்தக் கோப்பு யூ.டி.எப்-8 இல் சங்கத்துக் கணினியிலும், வேறு இரண்டு இடங்களிலும் இருக்கிறது. மூன்று வரிகளில் கேள்விக்குறிகளை அப்படியே விட்டிருக்கிறோம். அவற்றில் ஒன்றின் வயது 78, ஒன்றின் வயது 81, மற்றொன்று 90. இரத்தோட்டைப் பக்கத்துப் பெரியோர் இக்கூட்டத்தில் சிலர் இருக்கிறீர்கள். பாடம் முடிந்ததும் அந்த வரிகளைத் திரையில் காட்டுகிறோம். சற்று இருந்து பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.