ஹியூமிக் திரவமும் சாகுபடிக் கணக்கும்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஓசூர், தேன்கனிக்கோட்டை, இராயக்கோட்டை, கிருஷ்ணகிரி ஆகிய பகுதிகளில் உரக்கடைக்குச் செல்லும் குடியானவர், யூரியா மூட்டையோடு கரிய திரவம் அடைத்த டப்பா ஒன்றையும் வாங்கிவருவது இக்காலத்தில் சகஜமாகிவிட்டது. ரோஜாத் தோட்டத்துக்கும், தக்காளிக்கும், மல்பெரிக்கும், மானாவாரிக் கேழ்வரகுக்குங்கூட அது நல்லதென்று சொல்லி விற்கப்படுகிறது. அதற்கு ஹியூமிக் என்று பெயர். தொழிற்பேட்டைகள் பெருகியபின் வயல்வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாயிற்று. பல வீடுகளில் மாடுகளும் குறைந்தன. மாடு குறையவே எருக்குழியும் வற்றிற்று. வண்டி வண்டியாக எரு அடிப்பதற்குப் பதில் ஒரு டப்பாவைத் தண்ணீரில் கலந்து விட்டால் போதுமென்று ஒருவர் சொன்னால், அது யாருக்கும் இனிமையாகவே இருக்கும். ஆயினும் அது செலவாகும் பணம், பெரும்பாலும் பயிர்க்கடனாக வாங்கிய பணம். ஆகையால் அதை ஆராய்ந்து பார்ப்பது அவசியம்.

இப்பொருள் யாதெனில், இலையும் வேரும் சாணமும் மண்ணில் மக்கிக் கறுத்த பாகத்திலிருந்து காரநீரால் கரைத்தெடுக்கப்படும் ஒருவகைச் சாரம். 1786ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஆக்கார்டு என்னும் ரசாயன சாஸ்திரி, சதுப்புநிலத்துக் கரிமண்ணைக் காரத்தில் ஊறவைத்து முதன்முதலாக இதைப் பிரித்தெடுத்தார். செடிகள் மக்கையே நேரே உண்டு வளர்கின்றன என்று அக்காலத்தார் பலர் நம்பினர். 1840இல் லீபிக் என்பவர் அக்கொள்கையை மறுத்து, செடிக்கு வேண்டுவன தாது உப்புக்களே என்று வாதித்தார். இன்று கடையில் விற்கும் சரக்கில் பெரும்பகுதி தொழுவத்து எருவிலிருந்து எடுப்பதன்று. பழுப்பு நிலக்கரியிலிருந்தும் அதைப் போன்ற கனிமங்களிலிருந்தும் எடுப்பதாகும். தமிழ்நாட்டிலேயே நெய்வேலியில் அந்நிலக்கரி ஏராளமாக உண்டு. அதிலிருந்து எடுத்த ஹியூமிக்கைப் பல பயிர்களில் இட்டுக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் பரிசோதனைகள் நடத்தியிருக்கின்றனர். எனவே இதை வெறும் மோசடி என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

ஆனால் இது மண்ணை வளப்படுத்தும் என்று சொல்லும்போது சற்றுக் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். ஓர் ஏக்கர் நிலத்தில் மேல் அரையடி மண்ணின் எடை ஏறக்குறைய 9 லட்சம் கிலோ. அதில் நூற்றுக்கு அரைப்பங்குதான் அங்ககக் கரி இருக்கிறதென்று வைத்துக்கொண்டாலும் 4,500 கிலோ ஆகிறது. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு ஹியூமிக் உள்ள திரவத்தில் ஒரு லிட்டர் வாங்கினால், அதில் அடங்கியுள்ள சாரம் 120 கிராம் அளவே. 4,500 கிலோவோடு 120 கிராமைச் சேர்ப்பதால் மண்ணின் மக்கு பெருகிற்று என்பது, ஏரியில் ஒரு செம்பு நீரை ஊற்றிவிட்டு ஏரி நிரம்பிற்று என்பதை ஒக்கும். பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் அளவாகிய ஏக்கருக்கு 5 டன் தொழுவெருவோ, ஏறக்குறைய ஒரு டன் உலர்ந்த அங்ககப் பொருளையும் 25 கிலோ தழைச்சத்தையும் கொண்டுவருகிறது. டப்பா எருவுக்குப் பதிலாகாது என்பதில் ஐயத்துக்கே இடமில்லை.

அப்படியானால் அது எவ்விதத்தில் வேலை செய்யக்கூடும்? இரு வழிகள் உண்டு. வேரின் அருகே மிகச் சிறிய அளவில் இருந்தாலும், பக்கவேர்கள் அதிகமாகக் கிளைக்கும்படி அது தூண்டுகிறது. அன்றியும் இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்சத்துக்களைப் பற்றிக்கொண்டு, அவை மண்ணில் இறுகிப்போகாமல் வேருக்கு எட்டச்செய்கிறது. 2014இல் விஞ்ஞானிகள் சிலர் உலகின் பல பாகங்களில் நடந்த பரிசோதனைகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்ததில், ஹியூமிக் இட்ட செடிகளின் தண்டும் இலையும் சராசரி நூற்றுக்கு 22 பங்கும், வேர் 21 பங்கும் எடை கூடியிருக்கக் கண்டனர். கேட்பதற்கு மிக நன்றாக இருக்கிறது. எனினும் அச்சோதனைகளில் பல, தொட்டிகளிலும் கண்ணாடிக் கூடங்களிலும் இளஞ்செடிகளைக் கொண்டு செய்தவை. நிறுத்தது உலர்ந்த செடியை. களத்துக்கு வரும் கேழ்வரகும் சந்தைக்குப் போகும் தக்காளியும் அதே விகிதத்தில் கூடுமென்று அதிலிருந்து கொள்ளலாகாது. எந்த மூலப்பொருளிலிருந்து எடுத்தது, எவ்வளவு இட்டது, எவ்வகை நிலம் என்பவற்றைப் பொறுத்துப் பலன் பெரிதும் மாறுவதையும் அவர்களே குறித்திருக்கின்றனர்.

இனி வரவு செலவு. மருந்தும் கூலியும் சேர்த்து ஏக்கருக்கு 600 ரூபாய் ஆவதாகவும், கேழ்வரகு கிலோ 40 ரூபாய் என்றும், விளைச்சல் 1,000 கிலோ என்றும் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், 15 கிலோ அதிகம் விளைந்தால் போட்ட பணம் வந்துவிடும். அது நூற்றுக்கு ஒன்றரைப் பங்குதான். இங்கேதான் சிக்கல் இருக்கிறது. ஒன்றரைப் பங்கு வேற்றுமையை எந்தக் கண்ணும் காணாது. ஒரே வயலின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே அதைப்போலப் பன்மடங்கு வேற்றுமை இயற்கையிலேயே உண்டு. “போன வருஷம் ஊற்றினேன், பயிர் பச்சைப்பசேலென்று வந்தது” என்று சொல்லும் குடியானவர் பொய் சொல்லவில்லை; ஆனால் போன வருஷத்து மழையையும் அவர் டப்பாவின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்.

ஆகவே வயலைச் சம அகலமுள்ள எட்டுக் கீற்றுகளாகப் பிரித்து, அடுத்தடுத்த இரண்டை ஒரு ஜோடியாகக் கொள்ளவேண்டும். ஒவ்வொரு ஜோடியிலும் எந்தக் கீற்றுக்கு ஹியூமிக் என்பதைக் காசு சுண்டித் தீர்மானிப்பது நலம். குடியானவரே தேர்ந்தெடுத்தால் அவர் கை தானாகவே நல்ல கீற்றின்மேல் போகும். மற்றதற்கு அதே அளவு வெறும் தண்ணீர் விடவேண்டும். உரம், களையெடுப்பு, பாசனம் யாவும் இரண்டுக்கும் ஒன்றே. சொட்டுநீர்க் குழாய் வழியாக விட்டால் எல்லாக் கீற்றுக்கும் போய்விடுமாதலால், சோதனை வயலில் கையால் ஊற்றுவதே சரி. ஓரத்து வரிசைகளை நீக்கிவிட்டு அறுவடையைத் தனித்தனியே நிறுக்கவேண்டும். தக்காளியாயின் முதற்பறிப்பு மாத்திரம் போதாது. கடைசிப் பறிப்பு வரையில் எழுதவேண்டும்.

இவ்வளவு செய்தும் ஒரு வயல் ஒன்றரைப் பங்கைக் காட்டிவிடாது. விற்பவர் சொல்லும் இருபது பங்கு உண்மையானால் மாத்திரம் எட்டுக் கீற்றில் அது பெரும்பாலும் தெரிந்துவிடும். சிறிய லாபத்தைக் கண்டறியப் பல வயல்கள் வேண்டும். பல வருஷங்களும் வேண்டும். கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயலை அத்தனை காலம் விடாது நடத்திவந்ததன் காரணமும் இதுவே. தனிக் குடியானவருக்கு இது ஆகாத காரியம், சங்கத்துக்கோ எளிது. பத்து அங்கத்தினர் ஒரே பயிரில், ஒரே டப்பாவைக் கொண்டு, ஒரே முறையில் நடத்தி எடைகளைச் சங்கப் புத்தகத்தில் பதிந்தால், இரண்டு போகத்தில் எந்த வியாபாரியும் தரமுடியாத விவரம் கைக்கு வந்துவிடும்.

வாங்குமுன் சட்டத்தையும் அறிந்திருக்கவேண்டும். உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2021 பிப்ரவரியில் செய்த திருத்தத்தின்படி ஹியூமிக், உயிரூக்கிகள் என்னும் வகுப்பில் சேர்க்கப்பட்டது. சத்தைத் தருவதற்கன்றி, செடியின் செயலைத் தூண்டுவதற்கு இடும் பொருள் என்பதே அவ்வகுப்பின் கருத்து. அதாவது, சட்டமே இதை எருவென்று கொள்ளவில்லை. முன்பு சுமார் 30,000 உயிரூக்கிகள் தடையின்றி விற்பனையில் இருந்தன என்றும், கடுமையான பரிசீலனைக்குப்பின் அவை 650 அளவுக்குக் குறைந்தன என்றும் 2025 ஜூலையில் மத்திய வேளாண்மை மந்திரி சிவராஜ் சிங் சௌஹான் தெரிவித்தார். மானிய உரத்தோடு இவற்றைக் கட்டாயமாகச் சேர்த்து விற்பதை நிறுத்தவேண்டுமென்று அம்மாதமே அவர் முதலமைச்சர்களுக்கும் எழுதினார். யூரியா வேண்டுமானால் டப்பாவும் எடுக்கவேண்டுமென்று யாரேனும் வற்புறுத்தினால், அங்கத்தினர் மறுத்துவிட்டு வேளாண்மை அலுவலருக்கு எழுதித் தெரிவிக்கலாம். டப்பாவின்மேல் எந்தப் பயிருக்கு, எவ்வளவு, சாரம் நூற்றுக்கு எத்தனை என்பன அச்சிட்டிருக்கின்றனவா என்று பார்த்து, ரசீதும் வாங்கி வைக்கவேண்டும். சந்தேகம் இருந்தால் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப உர ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு.

ரோஜா, குடைமிளகாய் பயிரிடுவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஹியூமிக் காரத்தில் கரையும். புளிப்பில் திரிந்து கசடாகும். கால்சியம் நைட்ரேட்டோடும், பாஸ்பாரிக் அமிலத்தோடும், சுண்ணாம்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரோடும் கலந்தால் கரும்படிவு இறங்கிச் சொட்டுவாய்களை அடைத்துவிடும். முதலில் ஒரு கண்ணாடிக் குவளையில் கலந்து ஒரு மணி நேரம் வைத்துப் பார்ப்பது நல்லது.

கேழ்வரகுக்கு ஆடிப்பட்டம் வருமுன் கீற்றுகளை அளந்து முளையடித்துவிடவேண்டும். பரிசோதனை நடக்கும் இரண்டு போகத்துக்கும் சங்கம் பத்து வயலுக்கு வேண்டிய அளவே வாங்கினால் போதும். எருக்குழிக்காகக் கடன் கேட்கும் அங்கத்தினரின் மனுவை அதற்காக ஒத்திவைக்க வேண்டியதில்லை.