வரப்பறிந்த மருத்துவர்கள்

இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே!

நீங்கள் 2020 பேட்ச். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, நீட்டிலும் தேறியவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தமிழ்நாட்டில் சட்டமானது அந்த ஆண்டில்தான். எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 400 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவத்துக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த முதல் அணியினர் இந்த அரங்கில் அங்கி அணிந்து அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

இந்த ஒதுக்கீட்டைச் சலுகை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆதாயம் நோயாளிக்குத்தான். புறநோயாளிப் பிரிவுக்கு வரும் ஒரு மூதாட்டி, "நெஞ்சு கரிக்குதுப்பா, முன்ன மாதிரி நாத்து நட முடியல" என்கிறார். நெஞ்செரிச்சல் என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. நடவு வேலைக்குப் போகும் வீட்டிலிருந்து வந்த பயிற்சி மருத்துவர், "நட ஆரம்பிச்சா வருதா பாட்டி? வரப்புல உக்காந்தா விட்டுடுதா?" என்று கேட்பார், உடனே இ.சி.ஜி. எடுக்கச் சொல்வார். உழைக்கும்போது வந்து ஓய்ந்தால் தணியும் வலி இதயத்தினுடையதாக இருக்கலாம் என்று பாடநூல் எல்லோருக்கும்தான் சொல்கிறது. அதை அந்தப் பாட்டிக்குப் புரியும்படி கேட்கச் சொல்லிக்கொடுத்தது அவர் வளர்ந்த வீடு. விடுதியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரிடமிருந்து நகரத்துப் பிள்ளைகளான நீங்களும் இதைக் கற்றிருப்பீர்கள்.

இது புதிதல்ல: ஆண் மருத்துவரிடம் காட்ட வீட்டார் மறுத்ததால் பிரசவத்தில் பெண்கள் இறந்ததைக் கண்டவர், பின்னாளில் மருத்துவரான ஐடா ஸ்கடர். 1918இல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். யார் மருத்துவராகிறார் என்பது யார் பிழைக்கிறார் என்பதையும் தீர்மானிக்கிறது.

பேராசிரியர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இடம் கொடுத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. 2020இல் இடம் கிடைத்தும் தனியார் கல்லூரிக் கட்டணத்துக்கு வழியில்லாமல் சிலர் தவித்தார்கள். பிறகுதான் அரசு அந்தச் செலவை ஏற்றது. பணத்தடை நீங்கினாலும் மொழித்தடை நிற்கிறது. தமிழ்வழியில் படித்த மாணவி, அனாடமி வைவாவில் விடை தெரிந்தும் ஆங்கிலம் வராமல் தலைகுனிந்து நிற்கிறாள். முதலில் தமிழில் சொல்லவிடுங்கள். கலைச்சொற்கள் போகப்போக வந்துவிடும். செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர் படிப்புகளுக்கும் இதையே கேட்கிறேன்.

இளம் மருத்துவர்களே, நாளை ஏதோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியேற்பீர்கள். பக்கத்திலேயே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கும். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, ஒரு மதியம் உயிரியல் பிரிவுப் பிள்ளைகளோடு உட்காருங்கள். எந்தப் படிப்புக்கு எப்போது விண்ணப்பிப்பது, என்னென்ன சான்றிதழ் வேண்டும், உதவித்தொகை எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள். உங்கள் கைபேசி எண்ணையும் கரும்பலகையில் எழுதிவிட்டு வாருங்கள்.