வளர்ச்சியும் திரிபும்: கர்தினால் நியூமன் எழுப்பிய ஒரு கேள்வி



மொழியியல் பற்றிய உரையை எதிர்பார்த்து வந்திருக்கும் உங்களிடம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கர்தினால் ஒருவரைப் பற்றிப் பேசவிருக்கிறேன். நான் கத்தோலிக்கன் அல்லன். இறையியலில் முறையான பயிற்சியும் எனக்கில்லை. ஆயினும் மொழி வரலாறு கற்பித்த ஆண்டுகளில் என் மேசையில் நெடுநாள் கிடந்த நூல்களுள் ஒன்று ஜான் ஹென்றி நியூமன் எழுதியது. காரணத்தைப் போகப்போகச் சொல்கிறேன்.

முதலில் 'கர்தினால்' என்னும் சொல். 2016இல் மலேசியாவின் அந்தோணி சோட்டர் பெர்னாண்டசும், 2022இல் சிங்கப்பூரின் வில்லியம் கோவும், 2023இல் பினாங்கு ஆயர் செபஸ்தியான் பிரான்சிசும் அப்பதவிக்கு உயர்த்தப்பட்டபோது இச்சொல் இவ்வட்டாரத் தமிழர் பலருக்கும் பழக்கமாயிற்று. அதன் வேர் இலத்தீன் மொழியின் 'கார்தோ' என்பது. நம் பழைய வீடுகளின் மரக்கதவில் மேலும் கீழும் நிலையில் பொருந்திச் சுழலும் முளையைக் குடுமி என்போமே, அதுதான் கார்தோ. கதவு அசையும், குடுமி தன் இடத்தை விட்டு நீங்காது. நியூமனைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அவர் 1801 பிப்ரவரி 21ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை வங்கி நடத்தியவர். 1816இல் அந்த வங்கி மூடப்பட்டது. அதே ஆண்டு, பதினைந்து வயதில், நியூமனின் உள்ளத்தில் ஆழ்ந்த சமய மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. ஆக்ஸ்போர்டின் டிரினிட்டி கல்லூரியில் படித்தார். அளவுக்கு மீறி உழைத்துக் களைத்துப்போய் 1820இல் இறுதித் தேர்வில் மிகக் குறைந்த தகுதியே பெற்றார். (தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.) இரண்டே ஆண்டுகளில் ஓரியல் கல்லூரியின் ஆய்வுறுப்பினரானார், அன்றைய ஆக்ஸ்போர்டில் அதனினும் பெரிய அறிவுச் சிறப்பு அரிது. 1828இல் பல்கலைக்கழகத் திருக்கோயிலான புனித மரியாளின் பங்குக் குருவானார். இங்கிலாந்துத் திருச்சபையின் குரு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

அவருடைய முதல் பெருநூல் 1833இல் வெளிவந்தது. நான்காம் நூற்றாண்டின் ஆரியுசுக் கொள்கையினரைப் பற்றியது. இயேசு இறைத்தந்தையோடு ஒரே உள்பொருள் உடையவரா, ஒத்த உள்பொருள் உடையவரா என்பது அக்காலத்தில் எழுந்த பெரும்பூசல். தமிழில் 'ஒரே', 'ஒத்த' என்று நான் சொல்லும் வேறுபாடு கிரேக்கத்தில் ஐயோட்டா என்னும் ஒரே எழுத்தில் அடங்கியது: ஹோமோஊசியோஸ், ஹோமோயிஊசியோஸ். ஓரெழுத்துக்காக ஒரு பேரரசு பிளவுபட்டது என்று எள்ளி நகையாடுவோர் உண்டு. 'அவன் வந்தான்', 'அவள் வந்தாள்' என்பவற்றில் ஓரெழுத்து எவ்வளவு சுமக்கிறது என்பதை அறிந்த நாம் அப்படி நகைக்க இயலாது. 325இல் நைசீயாவில் கூடிய சங்கம் ஏற்றுக்கொண்ட அந்த முதற்சொல் விவிலியத்தில் எங்கும் இல்லாத சொல். பழைய நம்பிக்கையைக் காப்பதற்குப் புதிய சொல் ஒன்று தேவைப்பட்டது. பின்னாளில் நியூமன் விரித்துரைத்த கருத்தெல்லாம் இங்கே வித்தாகக் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

அதே 1833 ஜூலையில் அவருடைய நண்பர் ஜான் கீபிள் ஆற்றிய மறையுரையோடு ஆக்ஸ்போர்டு இயக்கம் தொடங்கிற்று. இங்கிலாந்துத் திருச்சபை அரசின் ஒரு துறையன்று, திருத்தூதர் காலம் முதல் தொடர்ந்து வரும் சபை என்பது அவ்வியக்கத்தாரின் நிலைப்பாடு. அதை நாட்டுக்கு உணர்த்தச் சிறுநூல் வரிசையொன்றை வெளியிட்டனர். தொண்ணூறாம் சிறுநூலை 1841இல் நியூமன் எழுதினார். ஆக்ஸ்போர்டில் சேர்ந்த மாணவர் ஒவ்வொருவரும் கையொப்பமிட வேண்டியிருந்த 39 உறுதிக்கூறுகளைக் கத்தோலிக்கப் பொருளிலும் படிக்க இடமுண்டு என்று அதில் வாதிட்டார். அவை கண்டிப்பது உரோமைச் சபையிடையே பரவியிருந்த தவறான வழக்கங்களையேயன்றிப் பழந்திருச்சபையின் போதனையை அன்று என்பது அவர் விளக்கம். புயல் கிளம்பிற்று. கல்லூரித் தலைவர்கள் கண்டித்தனர். ஆயர் கேட்டுக்கொண்டதற்கிணங்கச் சிறுநூல் வரிசை நின்றது. உரையாசிரியர்களைப் படித்துப் பழகிய கண்ணோடு அந்தச் சிறுநூலைப் படித்தேன். எதிரிகள் சொன்னதில் உண்மை சிறிதும் இல்லை என்று என்னால் கூற இயலவில்லை. சில இடங்களில் சொல்லைப் பிழிந்து பொருள் எடுக்கிறார். அந்தக் கறை இருபது ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் அவரைத் தேடி வந்தது.

ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள லிட்டில்மோர் என்னும் சிற்றூருக்கு 1842இல் ஒதுங்கினார். அடுத்த ஆண்டு பங்குப் பொறுப்பைத் துறந்தார். அவரை வருத்திய கேள்வி இதுதான்: இன்றைய உரோமைத் திருச்சபையில் தொடக்ககாலத் திருச்சபையில் காணப்படாதவை பல உள்ளன, அப்படியானால் இது அதே திருச்சபையா, அன்றி அதன் பெயரைத் தாங்கிய வேறொன்றா? விடை காண்பதற்காக 1845இல் நின்றபடியே எழுதும் மேசையொன்றில் ஒரு நூல் எழுதத் தொடங்கினார். கிறித்துவக் கோட்பாட்டின் வளர்ச்சி பற்றிய அந்நூல்தான் தொடக்கத்தில் நான் குறிப்பிட்டது.

உயிருள்ள கருத்து எதுவும் மாறாமல் இராது என்பது அதன் அடிப்படை. ஆறு தன் ஊற்றருகில்தான் தெளிவாக இருக்கும் என்பது கருத்துகளுக்குப் பொருந்தாது என்கிறார். கருத்து என்னும் ஆறு தன் படுகையை ஆழப்படுத்திக்கொண்டு அகன்று ஓடும்போதுதான் அதன் இயல்பு முழுதும் தெரியும். ஆனால் எல்லா மாற்றமும் வளர்ச்சியாகிவிடுமா? அழுகலும் மாற்றந்தானே? உண்மை வளர்ச்சியைச் சிதைவிலிருந்து பிரித்தறிய ஏழு சோதனைகளை வகுத்தார். மூல அமைப்பு குலையாதிருத்தல், புறத்திலிருந்து வருவதைத் தன்மயமாக்கும் ஆற்றல், பின்வருவதன் முன்னறிகுறி முன்பே தென்படுதல், புதியது பழையதை அழிக்காமல் காத்தல் ஆகியன அவற்றுள் சில. மூல அமைப்பு என்பது வெளித்தோற்றம் அன்று என்பதிலும் அவர் விழிப்பாக இருந்தார். வண்ணத்துப்பூச்சி புழுவின் வளர்ச்சியே ஆயினும் புழுவைப்போல் இருப்பதில்லை.

மொழி கற்பிக்கும் நமக்கு இது அன்றாடச் சிக்கல். போர்த்துகீசியரிடமிருந்து வந்த 'சாவி' இன்று சாவியை, சாவியால், சாவிக்கு என்று நம் வேற்றுமையெல்லாம் ஏற்று நிற்கிறது, இது தன்மயமாக்கல். 'அல்ல' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'நான் அல்லேன், அவன் அல்லன், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல' என்பது இலக்கணம். மாணவரோ எல்லா இடத்திலும் 'அல்ல' என்றே எழுதுகின்றனர். நெடுங்காலம் அதைச் சிவப்பு மையால் சுழித்தேன். பிறகுதான் ஒன்றை எண்ணிப் பார்த்தேன். 'இல்லை' என்னும் சொல்லை ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்று நன்னூலே ஏற்றிருக்கிறது. அது முன்னே சென்ற தடத்தில்தான் 'அல்ல' பின்னே செல்கிறது. நியூமன் சொன்ன முன்னறிகுறி இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. அதன்பின் சுழிப்பதை விட்டுவிட்டு, பழைய வழக்கையும் ஓரத்தில் எழுதிக் கொடுக்கலானேன். நான் மட்டும், சற்றுமுன் நீங்கள் கேட்டவாறு, இன்னும் 'அல்லன்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இச்சோதனைகளில் குறையும் உண்டு. நடந்து முடிந்ததை விளக்க உதவுமளவு நடக்கப்போவதைக் கணிக்க உதவுவதில்லை. மொழியியலும் அப்படித்தான்.

நூல் முடியவில்லை. எழுத எழுத ஐயம் தீர்ந்துவிட்டது; எழுதுகோலைக் கீழே வைத்தார். 1845 அக்டோபர் 8ஆம் நாள் இரவு, கொட்டும் மழையில் வண்டியின் மேற்கூரையில் அமர்ந்து பயணம் செய்து நனைந்து வந்த தோமினிக் பார்பெரி என்னும் இத்தாலியத் துறவி, மறுநாள் அவரைக் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்த்துக்கொண்டார். அதற்கான விலை பெரிது. தங்கை ஒருத்தி உறவை முறித்துக்கொண்டார். கீபிளும் பியூசியும் பழைய சபையிலேயே நின்றுவிட்டனர். 1846 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டை விட்டு நீங்கிய நியூமன், அதன் கோபுரங்களை இரயிலிலிருந்து கண்டதோடு முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்நகரில் கால் வைக்கவில்லை. 1865இல் கீபிளின் வீட்டு வாசலில் இருவரும் எதிரெதிரே நின்றபோது ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. மாற்றம் பற்றிய கோட்பாட்டை எழுதிய மனிதருக்கு இப்படியொரு வாசல்.

புதிய வீட்டிலும் அவருக்கு நிழல் கிடைத்துவிடவில்லை. பர்மிங்ஹாமில் ஆரட்டரி என்னும் குருக்கள் இல்லத்தை நிறுவினார். டப்ளினில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றை உருவாக்கும் பணியை ஏற்றார். ஆயர்களோடு ஒத்துப்போக இயலாமல் 1858இல் விலகினார். பல்கலைக்கழகக் கல்வி பற்றி அவர் அங்கே ஆற்றிய உரைகள் மட்டும் நிலைத்தன. கோட்பாட்டுக் காரியங்களில் பொதுநிலையினரின் நம்பிக்கை உணர்வையும் கேட்டறிய வேண்டும் என்று 1859இல் எழுதியதற்காக உரோமைக்கு அவர்மீது முறையீடு சென்றது. நான்காம் நூற்றாண்டில் ஆயர்கள் பலர் தடுமாறியபோது நம்பிக்கையைக் காத்தவர் எளிய மக்களே என்று அவர் காட்டியது பலர்க்கும் உவப்பாக இல்லை. இலக்கண ஆசிரியர்கள் உறங்கிய காலத்தும் மொழியைக் காத்தவர் அதைப் பேசியவரே என்பதை நான் அடிக்கடி இதனோடு சேர்த்து நினைப்பதுண்டு.

1864 ஜனவரியில் சார்லஸ் கிங்ஸ்லி என்னும் நாவலாசிரியர், மாக்மில்லன் இதழில், கத்தோலிக்கக் குருமார் உண்மையை உண்மைக்காகவே மதித்ததில்லை என்ற பொருள்பட எழுதி நியூமனைச் சான்றாகப் பெயர் சுட்டினார். தொண்ணூறாம் சிறுநூலின் கறைதான் திரும்பி வந்தது. இம்மனிதர் முதலிலேயே உரோமையின் ஆள், இத்தனை ஆண்டுகள் நடித்தார் என்பது நாட்டில் பலரின் உள்ளெண்ணம். தருக்கத்தால் மறுத்தால் சொல்வித்தை என்பார்கள். எனவே நியூமன் தம் வரலாற்றையே எழுதினார்: எந்த ஆண்டில் எதை நம்பினேன், எந்தக் கடிதத்தில் எதை எழுதினேன், எப்போது முதல் ஐயம் வந்தது என்று. வாரந்தோறும் பகுதி பகுதியாக வெளியிட்டார். சில நாள்கள் பதினாறு மணிநேரம் வரை எழுதினார். 'அப்பொலோஜியா' என்ற அதன் தலைப்பை மாணவர் சிலர் மன்னிப்பு என்று பெயர்க்கின்றனர். கிரேக்கத்தில் அதற்கு எதிர்வழக்குரை என்றே பொருள். அந்நூலில் அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

திருச்சபைக்கு 1845இல் வகுத்த அளவுகோலையே 1864இல் தம்மீது வைத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் மாறினேன், ஆனால் வேறொருவன் ஆகிவிடவில்லை, படிகள் இவை, பாருங்கள் என்பதே அந்நூலின் வாதம். நாடு படித்தது, பெரும்பாலோர் நம்பினர்.

1877இன் இறுதியில் டிரினிட்டி கல்லூரி அவரைத் தன் முதல் மதிப்புறு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1878இல் ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பினார். அதே ஆண்டு வளர்ச்சி பற்றிய நூலைத் திருத்திப் புதிதாக வெளியிட்டு, அக்கல்லூரித் தலைவருக்கு அதைக் காணிக்கையாக்கினார். அவரை ஆக்ஸ்போர்டிலிருந்து பிரித்த நூல் அது! திருத்தத்தில் ஒரு சொல்லை மாற்றினார். முதற்பதிப்பில் 'சோதனைகள்' என்றவற்றைப் புதிய பதிப்பில் 'அடையாளங்கள்' என்றார். சோதனை என்றால் முடிவு உறுதி. அடையாளம் என்றால் பார்ப்பவர் கூர்ந்து பார்க்க வேண்டும். முப்பத்துமூன்று ஆண்டு வாழ்க்கை அந்தச் சொல்மாற்றத்துக்குள் இருக்கிறது என்பேன்.

1879இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ அவரைக் கர்தினால் ஆக்கினார். ஆயர் பதவி வகிக்காத எழுபத்தெட்டு வயதுக் குரு அவர். உரோமையில் தங்க வேண்டும் என்ற விதியிலிருந்தும் விலக்குப் பெற்றார். 1890 ஆகஸ்ட் 11ஆம் நாள் பர்மிங்ஹாமில் மறைந்தார். 2019 அக்டோபர் 13ஆம் நாள் புனிதராக அறிவிக்கப்பட்டார்; கேரளத்தின் மரியம் திரேசியாவும் அதே நாளில் அப்பேறு பெற்றார். 2025 நவம்பர் முதல் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார்.

புனிதர் நிலைக்கு முன்னோடியாக 2008இல் ரெட்னலில் உள்ள கல்லறையைத் திறந்தனர். ஈரமண்ணில் மரப்பெட்டியும் உடலும் கரைந்துபோயிருந்தன. அவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு ஒன்று எழுத்து அழியாமல் கிடைத்தது.